அம்மாவின் மேல்முறையீட்டில் ஆர்லோ சொன்ன சாட்சியம்

ஓல்சன் கிராசிங், நார்த் டகோட்டா
அக்டோபர் 8, புதன்கிழமை

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நம் ஊர்க்காரர்கள் வாய்ப்பழக்கமாகச் சொல்கிற நலம் இல்லை, விசாரித்துத் தெரிந்துகொண்டு எழுதுகிற நலம். நீயும் அந்த நியூசிலாந்தில் உன் ஆடுகளோடும் ஓயாத மழையோடும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். குட்டி போடும் பருவம் என்று போன வாரம் சொன்னாய், இந்த நேரத்தில் ஒரு கால்நடை மருத்துவருக்குச் சாப்பிட நேரம் இருக்காது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சாப்பிடு.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மேல்முறையீட்டு விசாரணையில் பேசியதெல்லாம் தட்டச்சாகி அவள் கோப்பில் சேர்ந்துவிட்டது, பக்கத்து வீட்டு ஆர்லோ கெஸல் சொன்ன சாட்சியம் ஒரு வார்த்தை விடாமல் அதில் இருக்கிறது. இதை நேற்றுக் காலை தொலைபேசியில் சொன்னவர் லைல் போமன், நம் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர்களின் விண்ணப்பங்களைக் கவனிக்கிற அலுவலர். கோப்பைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு படித்துச் சொன்னார், அதனால் இதை உறுதி என்று எடுத்துக்கொள். என்ன மேல்முறையீடு, என்ன விசாரணை என்று நீ கேட்பாய். உனக்கு இதுவரை எதுவும் தெரியாது, தெரிய வேண்டாம் என்பது அம்மாவின் கட்டளை. போன ஞாயிறு கோயிலிலிருந்து திரும்பும்போது அவளாகவே, “பிரிட்டாவுக்கு எழுது கார்டன், போன்ல வேண்டாம், போன்ல நான் நடுவுல புகுந்து ஒன்னுமில்லைன்னு சொல்லிடுவேன்” என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் அவள் படிப்பாள், தப்பு இருந்தால் அடித்துத் திருத்துவாள்.

இரண்டரை வருடம் முன்பு அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விட்டாள் அல்லவா, உன்னிடம் முழங்கால் வலி என்று சொன்னாள். முழங்கால் வலித்தது உண்மைதான். ஆனால் நடந்தது வேறு. அந்த மார்ச் கடைசியில் பனி உருகிக்கொண்டிருந்தது, குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடந்ததெல்லாம் சாலையோரத்தில் வெளியே வந்துகொண்டிருந்தது. கெஸல் வீட்டைத் தாண்டி, அந்தப் பழைய தானியக் கிடங்கு வளைவில், ஒரு மான் செத்துக் கிடந்தது. பேருந்தில் பதினோரு குழந்தைகள். அம்மா வண்டியை நிறுத்தினாள், பிறகு அவளால் அதைக் கடந்து போக முடியவில்லை. குழந்தைகளை எல்லாம் பின் இருக்கைகளுக்குப் போகச் சொல்லி, தலையைக் குனியச் சொல்லி, வண்டியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டுபோய், ஆற்றுப் பக்கம் சுற்றிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் இல்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, நம் ஊரைத்தான் உனக்குத் தெரியுமே. சாவியைக் கொண்டுபோய்ப் பள்ளி அலுவலக மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

இராக்கில் அவள் படைக்கு லாரி ஓட்டிய வருடம் உனக்கு ஏழு வயது. அங்கே சாலையோரத்தில் செத்த நாய், செத்த கழுதை, குப்பைப் பை, எதைப் பார்த்தாலும் அதற்குள் குண்டு இருக்கும் என்றுதான் ஓட்ட வேண்டும், சிலவற்றில் இருந்தது. அவளுக்கு முன்னால் போன லாரிக்கு என்ன ஆனது என்பதை அவள் எனக்கு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், அதை நான் இங்கே எழுதவில்லை, அது அவள் சொல்ல வேண்டியது. திரும்பி வந்த பிறகு மண் சாலையில் நட்டநடுவில் ஓட்டுவாள், எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிக் கையசைத்துவிட்டுப் போவார்கள். கோயிலில் கடைசி வரிசையில் சுவரோரம் அவள் இடம், அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. இதையெல்லாம் அவள் சுபாவம் என்று ஊரும் எடுத்துக்கொண்டது, அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள். அதனால் அந்த மார்ச் காலையில் நடந்தது அவளுக்கு இடி விழுந்த மாதிரி. பதினெட்டு வருடம் ஒழுங்காக வண்டி ஓட்டியவளுக்குத் திடீரென்று மூளை பிசகிவிட்டது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு நம் பிக்கப் வண்டியைக்கூட அவள் தொடவில்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டு அப்படி ஆகிவிட்டதே என்பதுதான் அவளை அரித்தது.

லைல் அந்தக் கோடையில் வீட்டுக்கு வந்து விண்ணப்பம் போடச் சொன்னார். கடற்படையில் இருந்தவர், அம்மாவை டார்லா என்று பேர் சொல்லாமல் ‘சார்ஜன்ட்’ என்றுதான் கூப்பிடுவார். அம்மா அவரிடம், “கப்பல்ல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு வந்த ஆளு எனக்குப் புத்தி சொல்றியா” என்றாள். “ஐஸ்கிரீம் தீர்ந்துபோன நாளெல்லாம் உண்டு சார்ஜன்ட், அந்தக் கொடுமைய யாரும் எழுதுறதில்லை” என்றார் லைல். அவர் விடாமல் வந்துவந்து உட்கார்ந்ததால்தான் விண்ணப்பம் போனது. மனநோய்க்கான உதவித்தொகை, அது படைப்பணியால் வந்தது என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு மருத்துவப் பரிசோதனை. பரிசோதனைக்கு முதல் நாள் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? தலைமுடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டாள், சட்டையை இஸ்திரி போட்டாள், ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். மேலதிகாரி முன்னால் நிற்கப் போகிற மாதிரி. லைல் பிறகு சொன்னார், நூறு பேரில் தொண்ணூறு பேர் இப்படித்தான் போகிறார்களாம், போய் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறார்களாம். அம்மாவும் அப்படித்தான். தூக்கம் எப்படி என்று கேட்டதற்கு, “எல்லாரையும் போலத்தான்.” ஆட்களோடு பழகுவது எப்படி? “நல்ல ஊருங்க எங்க ஊரு.” இந்தத் தொந்தரவு எப்போதிலிருந்து? “இந்த மார்ச்லேர்ந்துதான், அதுக்கு முன்னாடி ஒன்னும் இல்ல.” அவள் பொய் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நம்பினாள்.

அடுத்த ஜனவரியில் மறுப்பு வந்தது. நோய் இருக்கிறது என்று பரிசோதித்தவர் ஒப்புக்கொண்டார், ஆனால் அது படையிலிருந்து திரும்பிப் பதினெட்டு வருடம் கழித்துத் தொடங்கியது, நடுவில் எந்த அறிகுறிக்கும் சான்று இல்லை, ஆகவே படைப்பணியோடு தொடர்பில்லை என்று முடிவு. அம்மா அதைப் படித்துவிட்டு, “சரியாத்தானே சொல்லியிருக்காங்க” என்றாள், உருளைக்கிழங்கு உரிப்பதைத் தொடர்ந்தாள். எனக்கு அந்த மறுப்பைவிட அவள் அதை நம்பியதுதான் கஷ்டமாக இருந்தது. லைல் நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றார், விசாரணை கேட்டால் அம்மாவே பேசலாம், சாட்சிகளையும் கூட்டிப்போகலாம் என்றார். அம்மா கையெழுத்துப் போட்டது லைலின் தொல்லை தாங்காமல்தான். “இதுல என்ன வந்துடப் போகுது. அது எனக்குள்ளயே கெட்டுப்போனது, யார் மேலயும் பழி போட முடியாது” என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு வேண்டியிருந்தது காசு இல்லை பிரிட்டா, தான் தானாகக் கெட்டுப்போகவில்லை என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது, அதை அவள் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாள்.

இந்த ஜூலையில் விசாரணைத் தேதியைச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்த வாரம் நானும் ஆர்லோவும் கூட்டுறவுக் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். விசாரணை என்று சொல்லத் தொடங்கியவன், மறுப்புக்கான காரணத்தையும் சொன்னேன், நடுவில் ஒன்றும் இல்லை, திடீரென்று வந்தது என்கிறார்கள் என்று. ஆர்லோ கோப்பையைக் கீழே வைத்தார். “அப்படின்னு யார் சொன்னது?” “டார்லாவே சொல்லியிருக்கா.” அப்படியே எழுந்து போய்விட்டார், அந்த மனிதர் காப்பியை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை. மறுநாள் மனைவி ஜாய்ஸ் சுட்ட குகென் கேக் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நம் சமையலறையில் வந்து நின்றார். “அந்த நீதிபதி முன்னாடி நான் ஒன்னு சொல்லணும்” என்றார். என்ன என்று கேட்டோம். “ஒரு தடவைதான் சொல்லுவேன். எங்க சொன்னா எழுதிக்குவாங்களோ அங்க சொல்லிக்கிறேன்.” லைல் போய்க் கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. சாட்சி என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல் கூட்டிப்போவது எந்த ஊர் வழக்கம் என்று லைல் என்னிடம் புலம்பினார். அம்மாதான், “வரட்டும், ஆர்லோ என்னத்த சொல்லிடப் போறாரு, நான் நல்ல டிரைவர்னு சொல்லுவாரு” என்றாள்.

விசாரணை செப்டம்பர் நடுவில் நடந்தது. நீதிபதி வாஷிங்டனில், நாங்கள் நம் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் லைலின் அறையில், நடுவில் ஒரு திரை. லைல் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அம்மா ஷூவுக்குப் பாலிஷ் போடவில்லை, அதற்குப் பதில் ஆர்லோ போட்டிருந்தார், திருமணத்துக்கு வாங்கிய கோட்டு வேறு. நீதிபதி ஒரு பெண்மணி, கண்ணாடி, நரைத்த முடி. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார். அம்மா உடனே, “குறை ஒன்னுமில்லைங்க” என்றாள். லைல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி சிரிக்காமல், “குறையைச் சொல்லத்தாம்மா இந்த இடம், நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். அதற்குப் பிறகு அம்மா பேசினாள். மான் கிடந்த அந்தக் காலையைச் சொன்னாள், குழந்தைகளைக் குனியச் சொன்னதைச் சொன்னாள், குரல் உடையவில்லை. அதற்கு முன்னால் ஏதாவது நடந்திருக்கிறதா என்று நீதிபதி இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார். “இல்லைங்க. நான் நல்லாத்தான் இருந்தேன்.” லைல் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு ஆர்லோ. உறுதிமொழி எடுக்கும்போது எழுந்து நின்றார், உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே பேசினார். அவர் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன், இப்போது கோப்பில் இருப்பதும் இதுதான் என்று லைல் ஒப்பிட்டுச் சொன்னார். “அவ அங்கேர்ந்து திரும்பி வந்த வருஷம்ங்க, குளிர் ஆரம்பிக்கிற நேரம். என் வீட்டு வழிகிட்ட பஸ் நின்னுச்சு. பிள்ளைங்க யாரும் இன்னும் ஏறலை. ரோட்டோரத்துல ஒரு மான் செத்துக் கிடந்துச்சு. பஸ் கெட்டுப்போச்சோன்னு போய்ப் பார்த்தா, ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு, கதவைத் தட்டினா கேக்கலை. எதைப் பாக்குறான்னு பாத்தேன், மானைப் பாக்குறா. சரின்னு டிராக்டரைக் கொண்டாந்து சங்கிலி போட்டு இழுத்து மரத்துக்குப் பின்னால தள்ளினேன். பஸ் கிளம்பிப் போயிடுச்சு. சாயங்காலம் பார்த்தப்ப, குளிர் வந்துடுச்சு ஆர்லோன்னா. ஆமா வந்துடுச்சுன்னேன்.” அதற்குப் பிறகு என்று நீதிபதி கேட்டார். “அதுக்கப்புறம் காலையில அவளுக்கு முன்னாடி நான் ஒரு சுத்து போயிட்டு வருவேன். மாடு கறக்க எப்படியும் எந்திரிக்கணும். மான், முள்ளம்பன்னி, குப்பைப் பை, கிழிஞ்ச டயரு, எது கிடந்தாலும் எடுத்துப் போட்டுருவேன். ஒரு தடவை சோபா கிடந்துச்சு.” “தினமுமா?” “பள்ளிக்கூடம் இருக்கிற நாள்லதாங்க. ஞாயித்துக்கிழமை எதுக்குப் போறேன்?” “எவ்வளவு காலம் இப்படிச் செஞ்சீங்க?” “இடுப்பு எலும்பு மாத்துற வரைக்கும் ஒரு நாள் விட்டதில்லைங்க.” எப்போது மாற்றினார்கள் என்று நீதிபதி கேட்டார். அவர் மாதத்தையும் வருடத்தையும் சொன்னார். அது அதே மார்ச், பிரிட்டா. அந்த மானைக் கடக்க முடியாமல் அம்மா நின்ற காலையில் ஆர்லோ மருத்துவமனையில் படுத்திருந்தார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார். “எதுக்குங்க சொல்லணும். அவளுக்குச் சங்கடமா இருக்கும்ல. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப யாரையாவது போகச் சொல்லலாமான்னு நெனச்சேன், சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க.” கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “நான் பண்ணது அவளுக்கு இப்படி வினையா வந்து நிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. ஒன்னும் இல்லாம இருந்தான்னு எழுதியிருக்காங்களாம். ஒன்னும் இல்லாம இல்லை. நான் எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன்” என்றார், அப்புறம்தான் உட்கார்ந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரையையும் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா கோட்டைக் கழற்றாமலே சமையலறையில் உட்கார்ந்து, “இந்த ஊரே என்னைத் தூக்கிச் சுமந்திருக்கு, எனக்கே தெரியாம. நான் என்னமோ ஓட்டிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள். கோபம்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆர்லோ வீட்டுப் பக்கம் ஒரு வாரம் போகவில்லை, ஜாய்ஸ் கூப்பிட்டால் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். ஜாய்ஸுக்கும் இந்த விஷயம் அன்றுதான் தெரியும். என்னிடம் சொன்னாள்: “இத்தனை வருஷமா காலையில எங்க போறீங்கன்னு கேட்டா வேலி பாக்கப் போறேம்பாரு. நம்ம வேலி என்ன அவ்வளவு நீளமா? வேற ஒரு பொம்பளைன்னு நெனச்சேன். கடைசில நான் நெனச்சதும் சரிதான், பொம்பளை பஸ்ல வந்துக்கிட்டிருந்தா.” இதை அம்மாவிடம் சொன்னபோதுதான் அவள் விசாரணைக்குப் பிறகு முதல் தடவை சிரித்தாள். சிரித்துவிட்டு, வெகு நேரம் கழித்து, பாத்திரம் துடைத்துக்கொண்டே, “அப்படின்னா அது அந்த மார்ச்ல வந்ததில்லை, இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அங்கேர்ந்தே என்கூட வந்திருக்கு.” ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் மத்தியானம் சோபாவில் படுத்தவள் சாப்பாட்டு நேரம் தாண்டித் தூங்கினாள், நான் எழுப்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, ஆர்லோ சொன்னதை எழுதுகிறேன், அம்மாவிடம் கேட்டேன், மறுக்கவில்லை. ஒரு காலையில் அவர் பிக்கப்பைக் கிளப்பும்போது அம்மா வழியில் நின்றிருக்கிறாள். “இன்னும் எதுக்குப் போறீங்க? நான்தான் பஸ் ஓட்டலையே.” “அதை அந்தப் புதுப் பையன் ஓட்டுறான். பழகிப்போச்சு, போகலைன்னா மாடு பாலைக் குறைச்சுருது.” “மாட்டுக்கு என்ன தெரியும்.” “என் மாட்டப் பத்தி உனக்கென்ன தெரியும், ஏறுறதா இருந்தா ஏறு, பனி உள்ள வருது.” ஏறிவிட்டாள். முதல் சில நாள் ஏதாவது கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டாளாம், ஆர்லோ இறங்கி எடுத்துப் போட்டுவிட்டு வந்து ‘ம்’ என்பாராம். போன வெள்ளிக்கிழமை அம்மா கதவைத் திறந்து இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே, அவர் எடுத்து முடிக்கிற வரை நின்றிருக்கிறாள். நகரத்தில் வியாழக்கிழமைதோறும் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கிறாள், காலையில் ஆர்லோவோடு போவதை அவரிடமும் சொல்லியிருக்கிறாள், நல்லது, ஆனால் அவசரம் வேண்டாம் என்றாராம். வியாழக்கிழமை போவதற்கு நான் ஓட்டுகிறேன், வரும்போது ஊர் எல்லையிலிருந்து அவள் ஓட்டுகிறாள். இன்னும் நடுச்சாலையில்தான்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. விசாரணைக்குப் பிறகும் சான்றுகள் அனுப்ப டிசம்பர் நடுப்பகுதி வரை அவகாசம் இருக்கிறது. ஆர்லோ வெளியிலிருந்து பார்த்ததைச் சொல்லிவிட்டார், உள்ளே இருந்து பார்த்தவர் யாராவது உண்டா என்று லைல் கேட்டார். அம்மா சொன்னாள்: “பிரிட்டா. எனக்கு நேர் பின்னால சீட்டு. பன்னிரண்டாவது வரைக்கும்.” நீ அந்தப் பேருந்தில் வளர்ந்தவள், அவள் எப்போது மெதுவாக ஓட்டினாள், எதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள் என்று எங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம், அப்படியானால் தெரியாது என்றே சொல். எழுதினால் கண்டதை மட்டும் எழுது. இப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து ஒரு வரி வேண்டாம். அம்மா தைரியசாலி, நல்ல தாய் என்றெல்லாமும் வேண்டாம், நீதிபதி அதைக் கேட்கவில்லை. முக்கியமாக, அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று எதையும் விட்டுவிடாதே, இந்த ஊரில் எல்லோரும் அப்படி விட்டுவிட்டதால்தான் இத்தனை தூரம் வந்து நிற்கிறது. நீ எழுதுவதைப் படிக்கப்போவதில்லை என்று அம்மா முதலில் சொன்னாள், பிறகு படிப்பேன் என்றாள், நேற்று மறுபடியும் படிக்கமாட்டேன் என்றாள். படிப்பாள் என்று வைத்துக்கொண்டே எழுது.

மற்றபடி எல்லாம் நன்றாகவே போகிறது. சூரியகாந்தி இந்த வருடம் நல்ல விளைச்சல், அறுவடை அடுத்த வாரம், முதல் உறைபனி வந்துவிட்டது. வீட்டுக் கூரையில் வடக்குப் பக்கம் ஒழுகியதைச் சரிசெய்தாகிவிட்டது. கோயில் விருந்துக்கு அம்மா இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி இரண்டு தட்டு ஹாட்டிஷ் சுட்டு எடுத்துப் போனாள், அடியில் உருளைக்கிழங்கு கொஞ்சம் தீய்ந்திருந்தது, வழக்கம்போல எல்லோரும் பிரமாதம் என்றார்கள், ஆர்லோ மட்டும் தீய்ஞ்சிருக்கு என்றார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி போட்டாள். நம் நாய்க்குக் காது கேட்பது குறைந்துவிட்டது, மற்றபடி திடகாத்திரமாக இருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று பதிலில் எழுது, இங்கே இருக்கிற மருத்துவர் வயசாகிவிட்டது என்று சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டார். உன் குளிர்கோட்டு இன்னும் இங்கே தொங்குகிறது. உங்கள் பக்கம் இப்போது வசந்தம் என்றாலும் மலையில் இரவுப் பணிக்குப் போகும்போது ஒழுங்கான கோட்டு போட்டுக்கொண்டு போ, இல்லையென்றால் இதை அனுப்பிவைக்கிறேன்.

அம்மா இப்போது இதைப் படித்துவிட்டாள். பேருந்தில் இருந்த குழந்தைகள் பதினொன்று இல்லை, பன்னிரண்டு என்று திருத்தினாள், ஒரு பெண் குழந்தை அவள் மடியோரமாக வந்து உட்கார்ந்துகொண்டதாம், அதை இதுவரை என்னிடம் சொன்னதில்லை. வேறு எதையும் அடிக்கவில்லை. கடைசியில் இதையும் எழுதச் சொல்கிறாள், அவள் வார்த்தையிலேயே: “எனக்கு அது எழுத்துல வேணும், பிரிட்டா. அங்கேர்ந்து வந்ததுன்னு. ஆர்லோ சொல்லிட்டாரு, அது போதும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குப் போதலை.”

தீர்ப்பு சாதகமாக வருமா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது, லைலுக்கும் தெரியாது, நீதிபதி முகத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று அவர் பத்து வருடமாகச் சொல்லி வருகிறாராம். புதிய பரிசோதனைக்கு உத்தரவிட்டுத் திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு, அப்படி வந்தால் அது தோல்வி இல்லை, பயந்துவிடாதே. நீ நல்ல உடம்போடும் நல்ல மனிதர்களோடும் நீண்ட நாள் வாழ வேண்டும், கர்த்தர் உன்னை உன் வாசலிலும் வழியிலும் காக்கட்டும் என்று நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று: உன் வாக்குமூலம் நீயே கையெழுத்திட்டு லைலின் விலாசத்துக்கு, நவம்பர் முடிவதற்குள் கிடைக்கிற மாதிரி போய்ச் சேர வேண்டும், விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. அது சேர்ந்தபின் நீதிபதியின் தீர்ப்பு ஒன்றுதான் பாக்கி. லைல் கணக்குப்படி அது ஏப்ரலுக்கு முன்னால் வராது.

உன் அன்பு அப்பா,
கார்டன் ஹௌகன்